மூன்றாவது ஹார்ன்

ரோட்டில் எவனோ ஹார்ன் அடித்தான். மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த உமையம்மாளின் கத்தி பாதியில் நின்றது. கத்தி மட்டுமா? கண், மூச்சு, கால்விரல், எல்லாம் நின்றன. மகள் ஆனந்தலட்சுமி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். காலையில் திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் ஏழாம் கூட்டு எலியும் இப்படியேதான் உறைந்து நின்றது.

பாறசாலையிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் அந்த எலிகளோடுதான் அவளுக்குப் பிழைப்பு. மூளையில் நரம்பணு ஒன்று துடித்தால் உள்ளே கால்சியம் பாய்ந்து வரும். அதை எட்டிப் பிடித்து அடக்குகிற புரதம் ஒன்று உண்டு. அது இல்லாமல் பிறந்த எலிகள் அவளுடையவை. மணியடித்துக் காலில் லேசாக ஷாக் கொடுத்தால் எல்லா எலியும் மணிக்குப் பயப்படும். பிறகு ஷாக் இல்லாமல் வெறும் மணியையே அடித்துக்கொண்டிருந்தால், நல்ல எலி 'போடா, நீயும் உன் மணியும்' என்று தீனி தின்னப் போய்விடும். புரதம் இல்லாதது போகாது. மணி ஓய்ந்த பின்னும் கூட்டின் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏழாம் கூட்டு எலியோ சில நாள் மணிக்கு முன்பே கதவைப் பார்க்கத் திரும்பியது. ஆனந்தலட்சுமிக்கு அதைக் கண்டால் பயம்.

அவள் தம்பி மகேஷ்குமார் போன மழைக்காலத்தில் உதியன்குளங்கரையில் லாரி மோதிச் செத்தான். தினமும் வேலை விட்டு பைக்கில் வந்து கேட்டுக்கு வெளியே இரண்டு குட்டி ஹார்ன் அடிப்பான். திறக்கத் தாமதமானால் மூன்றாவதாக, நீளமாக ஒன்று. அந்த மூன்றாவதற்கு உமையம்மாள் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. அவன் செத்த அன்றும் இரண்டு ஹார்ன் கேட்டு ஓடிப்போய்த் திறந்தாள். ரோடு காலியாகக் கிடந்தது. அப்போதுதான் வீட்டுக்குள் போன் அடித்தது.

அன்றிலிருந்து எந்த ஹார்ன் கேட்டாலும் முதலில் உறைவாள், பிறகு ஓடுவாள். போன மாதம் மழையில் வழுக்கி விழுந்து நெற்றியில் தையல். இன்னொரு முறை விழுந்தால் தாங்குமா அந்த உடம்பு? தம்பியோடு அம்மாவையும் வாரிக்கொடுக்க ஆனந்தலட்சுமி தயாராக இல்லை.

எலிக்குச் செய்ததையே அம்மாவுக்கும் செய்தாள். தம்பியின் கூட்டாளி ஷிஜுவிடம் அதே மாதிரி பைக் இருந்தது.

"ரெண்டு குட்டி ஹார்ன் அடி ஷிஜு, போன்ல பிடிக்கணும்."

"சேச்சி, இது வேண்டாத்த பணியாக்கும்," என்றான். ஆனாலும் அடித்தான்.

தினமும் விளக்கேற்றும் நேரத்தில் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் போடுவாள்.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல. ஆரும் வரல்ல."

"எனக்க மோனாக்கும் மக்கா, அவன் வெளிய நிக்கான். கைய விடு!"

கேட்டால் கல்லும் கரையும். ஆனந்தலட்சுமி விடவில்லை. மறுபடி போட்டாள்.

ஓணம் கழியும்போது உமையம்மாள் உறையவுமில்லை, ஓடவுமில்லை. ஹார்ன் பாட்டுக்கு ஹார்ன், அவள் பாட்டுக்குத் தேங்காய் துருவினாள். அப்பாடா என்றிருந்தது மகளுக்கு. அம்மாவுக்கு அந்தப் புரதம் தாராளமாகவே இருக்கிறது என்று மனசுக்குள் சிரித்தும்கொண்டாள். போனிலிருந்து சத்தத்தை அழித்துவிட்டாள்.

மறுநாள் அந்தியில் மழை விட்டு ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு வெளியே, மிகப் பக்கத்தில், இரண்டு குட்டி ஹார்ன்.

உமையம்மாள் மரச்சீனி உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, கேட்டியா?"

"கேட்டேன்."

"நான் போடல்லம்மா."

"ஒண்ணும் இல்ல மக்கா. ஆரும் வரல்ல. நீயாக்கும் எனக்கு படிப்பிச்சு தந்தது."

ஷிஜுவாக இருக்கும் என்று ஆனந்தலட்சுமி நினைத்தாள். ஷிஜு பைக்கை விற்றுவிட்டு மஸ்கட் போய் மாசம் ஒன்றாகிறது. போய்ப் பார்க்கலாமென்றால் கால் எழவில்லை. மூச்சும் எழவில்லை. கண் மட்டும் வாசலைப் பார்த்தபடி நின்றது.

வெளியே மூன்றாவது ஹார்ன் எழுந்தது. நீளமாக.

உமையம்மாள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.