பூனை நுழையும் வாசல்

துர்காவின் அப்பா கோவிந்தராசுவுக்கு ஒரு வியாதி. பொங்கல் வந்தால் விருத்தாசலமே வெள்ளையடிக்கும். இவர் மட்டும் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டுவார். பழசைப் பெயர்க்கவும் மாட்டார். "நல்லாத்தான இருக்குது, எதுக்கு ஒடைக்கணும்?" என்று அதன்மேலேயே கலவை போட்டு அடுத்ததை ஒட்டுவார். வருஷா வருஷம் தரை ஏறியது, வாசல்கள் குட்டையாகின. அடுப்படி நிலை இடித்து இடித்து அம்மா பெரியம்மாளின் நெற்றியில் வீக்கம் வற்றவே இல்லை.

துர்கா சிற்பம் படித்தவள். கண்காட்சிகளில் கோணல்மாணலாக வீடு கட்டி வேடிக்கை காட்டுவது அவள் தொழில். அப்பாவிடம் கெஞ்சினாள், சண்டை போட்டாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. இந்த வருஷம் அவள் அறைக்கும் டைல்ஸ் வந்து இறங்கியதும் ஆத்திரம் தலைக்கேறியது. ஜங்ஷன் பக்கம் மூடிக்கிடந்த பீங்கான் கம்பெனி ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அப்பாவுக்குப் புத்தி வரட்டும் என்றே ஒரு வீடு கட்டினாள். வரிசையாக வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் தரை ஒரு படி ஏறும். முதல் வாசலில் யானை நுழையலாம். கடைசியில் பூனைதான்.

திறப்பன்று ஊர் தவழ்ந்து தவழ்ந்து சிரித்தது. அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போக முடிந்தமட்டும் போய், வந்த வழியே தவழ்ந்து வெளியே வந்தார்.

"லெவலு கரெக்டா இருக்குது பாப்பா. யாரு மேஸ்திரி?"

துர்காவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "அப்பா, இது நம்ம வூடுப்பா!"

"நம்ம வூடு ஏது இவ்ளோ பெருசு?"

அப்போதுதான் அம்மா வந்தாள். யானை நுழையும் அந்த முதல் வாசலில், நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து நுழைந்தாள். யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"எதுக்குடி குனியுற? மேல அவ்ளோ எடம் கெடக்குதே."

"பழகிப்போச்சிங்க."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. வீடு திரும்பும்வரை ஆட்டோவில் அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தார். துர்காவுக்குப் பாவமாகவும் இருந்தது, வயிறு குளிர்ந்தும் இருந்தது. ஒருவழியாக ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் சுத்தியல் சத்தம் அவளை எழுப்பியது. வீடெல்லாம் செங்கல் தூசி. மேஸ்திரி கொளஞ்சியப்பன் அடுப்படி நிலையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு மேல்சுவரை இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேப்போடு அப்பா, கண்ணெல்லாம் கலங்கி.

"இனிமே உங்கம்மா குனியவே வேணாம் பாப்பா. எல்லா வாசலையும் ஒசத்திடுறேன். அப்பறம் பாரு, இன்னும் பத்து வருஷத்துக்குத் தாராளமா டைல்ஸ் ஒட்டலாம்!"

நிலையே இல்லாத அந்த வாசலைத் தாண்டி, மேஸ்திரிக்கு டீ எடுத்துக்கொண்டு அம்மா வந்தாள், குனிந்தபடியே.