வாக்களிப்பு நாளில் வந்த பாவ்

மலேசியாவின் பாசிர் கூடாங்கிலுள்ள எங்கள் தனியார் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்கள் அறுபத்தொரு பேர் பணியாற்றுகிறோம். அறுபத்தொருவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட விதி ஒன்றே ஒன்றுதான்: பணி நேரத்தில் பாவ் உண்ணலாகாது. ஆவியில் வெந்த, வெண்மையான, உள்ளே இனிப்புப் பயறு வைத்த அந்த உருண்டையை எவரேனும் கடித்துவிட்டால் நோயாளிகள் வெள்ளமெனத் திரண்டு வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. எலும்பையும் இரத்தத்தையும் அறிவியல் வழியில் கற்ற நீங்கள் இதை எவ்வாறு நம்புகிறீர்கள் என்று கேட்கலாம். ஆயினும் நம்புகிறோம்.

தொழிற்சங்கம் வேண்டுமா என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை இருக்கவில்லை.

எனக்கு வேண்டும். மார்ச் மாதத்தில் ஒருநாள், முப்பது மணி நேரப் பணி முடிந்து வீடு திரும்புகையில், சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவள் அப்படியே உறங்கிப்போனேன். கார் மெல்ல உருண்டு சாலைத் தடுப்பில் முட்டியது. பின்னால் நின்ற லாரிக்காரர் கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் எவரையும் பணியில் வைத்திருக்கக் கூடாது எனக் கோரி அன்றே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். தனி ஒருவரின் கடிதத்துக்குப் பதில் எழுதும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்று பதில் எழுதினார்கள். ஆகவே மற்ற அறுபது பேரையும் தேடிப் புறப்பட்டேன்.

நிர்வாகம் சங்கத்தை ஏற்க மறுத்தது. முடிவில், அரசு அதிகாரி ஒருவர் முன்னிலையில் இரகசிய வாக்கெடுப்பு என்று தீர்மானமாயிற்று. காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை. வாக்குகளில் பாதிக்கு மேல் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். நானும் நண்பர் யுகேந்திரனும் விரல் விட்டு எண்ணியதில் உறுதியானவை முப்பது. முப்பத்தொன்றாவது எங்கும் அகப்படவில்லை. தோற்றால் மறுமுறை கேட்கச் சட்டப்படி காத்திருக்க வேண்டும், அதற்குள் என் பணி ஒப்பந்தமே முடிந்துவிடும்.

எங்களோடு பணியில் சேர்ந்த சிறீகாந்தனிடம் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"டாக்டருக்கு எதுக்கு லோஷினி யூனியன்? எங்க அப்பா முப்பத்தஞ்சு வருஷம் ரயில்வேல இருந்தாரு. ஒரு நாள் கொடி புடிச்சதில்ல."

"கொடி வேணாம் சிறீ. தூக்கம் போதும்."

"காப்பி குடிங்க," என்றார் அவர்.

வாக்களிப்பு நாள் காலை ஏழரை மணிக்கு, அவசர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு இரண்டு தள்ளுவண்டிகள் வந்தன. பத்து பாகாட் நகர நெசவாலை ஒன்றிலிருந்து அண்மையில்தான் எங்களிடம் வந்து சேர்ந்த பணியாளர் மேலாளர் திரு. சதாசிவம் அனுப்பியவை அவை. அவர் மனிதர்களை நன்கறிந்தவர், மருத்துவர்களை அறியாதவர். ஆவி பறக்க அறுபத்தொரு பாவ்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிறு தாள்: நாம் ஒரே குடும்பம்.

"அலமாக்! யாரும் தொடாதீங்க! மூடுங்க, மூடுங்க!" என்று யுகேந்திரன் அலறினார். தாதி வாசுகி பச்சைத் துணி ஒன்றைக் கொணர்ந்து, காலமானவரைப் போர்த்துவதுபோல் வண்டிகளைப் போர்த்தினார்.

அப்பொழுது சிறீகாந்தன் வந்தார். முந்தைய நாள் காலையிலிருந்து பணியில் இருந்தவர், தாமும் ஏற்றுக்கொண்ட விதியையே மறக்கடிக்கும் கடும் பசி.

"படிச்சவங்கதானே நீங்க எல்லாரும்? என்ன மூடநம்பிக்கை லா இது?" என்று துணியை விலக்கி ஒரு பாவை எடுத்துக் கடித்தார். எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றார். பிறகு இரண்டாவதையும் எடுத்தார். தாளைக்கூட அகற்றவில்லை, அதையும் சேர்த்தே விழுங்கியிருக்கக்கூடும்.

எட்டு மணி நான்கு நிமிடத்துக்குத் தொலைபேசி ஒலித்தது. தொழிற்சாலைப் பேருந்து ஒன்று சாலையில் திடீரென நின்றதாம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முப்பத்தாறு பேருக்கு நெற்றியிலும் மணிக்கட்டிலும் அடி. அவர்கள் வந்து இறங்குவதற்குள் காதில் கரப்பான் பூச்சி புகுந்த ஒருவரும், தொண்டையில் மீன் முள் சிக்கிய ஒருவரும் வந்து சேர்ந்தனர்.

"நீங்கதானே சாப்பிட்டீங்க? நீங்களே பாருங்க!" என்றார் வாசுகி.

சிறீகாந்தன் கையுறையை மாட்டிக்கொண்டார். அவர் முகம் பாவைவிட வெளுத்திருந்தது.

இருவர் இருவராக வாக்களிக்க மண்டபத்துக்கு அனுப்பினோம். ஓடிப் போய், ஓடி வர வேண்டும். சங்கத்தை எதிர்த்தவர்களையும் வரிசைப்படி அனுப்பினேன். மனமில்லைதான், ஆயினும் அதுவே முறை.

பத்து மணியளவில் சிறீகாந்தன் அலுவலகத்தை அழைத்தார். இரு கைகளிலும் வேலை இருந்தபடியால் தொலைபேசியின் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டிருந்தார்.

"சார், ஒரு டாக்டர அனுப்புங்க. நேத்து காலையில இருந்து நிக்கிறேன்."

"ஆளு இல்ல டாக்டர்," என்றது திரு. சதாசிவத்தின் அன்பு ததும்பும் குரல். "இங்க ஆபீஸ்ல இன்னும் ஒரு தட்டு பாவ் இருக்கு. அனுப்பவா?"

பிரிவு முழுவதும் தொலைபேசியை நோக்கித் திரும்பியது. பிறகு மீன் முள்காரர் வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் முள் வெளியே வந்து விழுந்தது. சிறீகாந்தன் மட்டும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிடம் இருக்கையில் அறுபது பேர் வாக்களித்து முடித்திருந்தோம். எஞ்சியவர் சிறீகாந்தன் ஒருவரே. கொக்கித் தாங்கிகள் யாவும் தீர்ந்துவிட்டபடியால், முதியவர் ஒருவருக்கு ஏறிக்கொண்டிருந்த உப்புநீர்ப் பையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நின்றார். நான் ஒருவரின் நெற்றிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். சிறீகாந்தனைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனால் எதிர் வாக்கு, தோல்வி; போகாவிட்டால் அறுபதில் முப்பது, அதுவும் தோல்வி என்று எண்ணினேன்.

கதவு திறந்தது. திரு. சதாசிவம் மூச்சிரைக்க நுழைந்தார்.

"டாக்டர், நீங்க இன்னும் போகலையா? உங்க ஓட்டு முக்கியம் டாக்டர்! குடுங்க, நான் புடிக்கிறேன். ஓடுங்க!"

சிறீகாந்தன் பையை அவரிடம் ஒப்படைத்தார். "கைய மட்டும் எறக்காதீங்க. எறக்கினா ரத்தம் குழாய்ல ஏறும்." என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, வெள்ளை அங்கி பறக்க ஓடினார்.

திரும்பி வந்தவர் பையை வாங்கிக்கொள்ளாமல் அடுத்த நோயாளியிடம் போனார். அடுத்த அரை மணி நேரத்தில் யுகேந்திரன் மண்டபத்திலிருந்து குதித்துக்கொண்டு வந்தார்.

"முப்பத்தொன்னு! லோஷி, முப்பத்தொன்னு!"

வாசுகி என்னைத் தூக்கிச் சுற்றினார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த பேருந்துக்காரர்கள், செய்தி என்னவென்று அறியாமலே, அடிபடாத கைகளால் தொடைகளைத் தட்டினார்கள்.

"யாருது அந்த ஒரு ஓட்டு?" என்று திரு. சதாசிவம் திகைப்புடன் கேட்டார்.

"கைய எறக்காதீங்க, சார்," என்றார் சிறீகாந்தன்.

அடுத்த மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. எங்கள் முதல் கோரிக்கை இருபத்து நான்கு மணி நேர வரம்பு. அதற்கு நான்கு அமர்வுகள் தேவைப்பட்டன. இரண்டாவது கோரிக்கையைச் சிறீகாந்தனே எழுதி, நீக்கக் கூடாதென்று பிடிவாதம் பிடித்தார்: மருத்துவர்களுக்கு நிர்வாகம் எக்காரணம் கொண்டும் பாவ் அனுப்பலாகாது. அதைத் திரு. சதாசிவம் மும்முறை படித்தார். ஒன்றும் விளங்காமலேயே உடனடியாகக் கையெழுத்திட்டார்.

ஒப்பந்தம் நடப்புக்கு வந்த முதல் நாள், இருபத்து நான்காவது மணியில் சிறீகாந்தன் என் கையிலிருந்த கோப்பைப் பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போங்க லோஷினி," என்றார். அதே சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினேன். பச்சை விழுந்ததும் முதல் ஆளாகப் புறப்பட்டேன்.