பின்பக்கத்துச் சத்தம்

எங்கள் வீட்டுப் பழைய டிவியை எப்போது மாற்றுவது என்ற பேச்சு இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்தது நான்தான். முதலில், புது மாடல் வரப்போகிறதாம், பொறுங்கள் என்றேன். வந்தது. அது சரியில்லையாம், அடுத்தது வரட்டும் என்றேன். அதுவும் வந்தது. பிறகு மகளின் பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்து, அவள் பாஸும் ஆகிவிட்டாள்.

"உங்கப்பா அடுத்த பிறவிக்கு நாள் குறிச்சு வச்சிருக்காரு," என்று என் மனைவி மகளிடம் சொன்னாள்.

விஷயம் வேறு. எனக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வலது காது அநேகமாக அடைத்தேவிட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம். யாருக்கும் தெரியாமல் ஒருமுறை டாக்டரிடம் போனேன். நரம்பு செத்துவிட்டது, கருவி மாட்டினாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்றார். வீட்டில் டிவி போட்டால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவேன். காது கிழிகிறது என்று மனைவியும் மகளும் கத்துவார்கள். "ஸ்பீக்கர் போயிடுச்சு, நான் என்ன பண்ணுவேன்?" என்று பழியைத் தூக்கி டிவி தலையில் போட்டுவிடுவேன். புது செட் வந்துவிட்டால் யார் தலையில் போடுவது?

வீட்டுக்குத் தெரிந்தால் என் மச்சினனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.

நாங்கள் பழைய கட்டடங்களை இடிக்கிறவர்கள். நான் பத்தொன்பது வருடமாகக் கான்கிரீட் உடைக்கும் மிஷினைப் பிடிக்கிறேன். அது போடும் கூச்சலில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அதனால் மேஸ்திரி விசில் ஊதுவார். ஒரு ஊதல் என்றால் நிறுத்து. இரண்டு ஊதல் என்றால் போட்டது போட்டபடி ஓடு. விசில் கேட்காதவன் மிஷினில் நிற்கக்கூடாது. எங்கள் வேலையில் முதல் விதியே அதுதான். அந்த மேஸ்திரி என் மனைவியின் தம்பி. ஆளுக்குப் பெயரே விசில். கல்யாணப் போட்டோவில்கூட அவன் கழுத்தில் அது தொங்குகிறது.

அவன் ஊதியதை நான் காதால் கேட்டு ஒரு வருடம் இருக்கும். எதிரே சம்மட்டி அடிக்கிற நெட்டையனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் கை நின்றால் நானும் நிறுத்துவேன். அவன் ஓடினால் நானும் ஓடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினன் விசில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, கெளம்புங்க. டிவி கடைக்குப் போறோம்."

"லீவு நாள்லயாவது மனுஷனத் தூங்க விடுடா."

"வந்து தூங்கிக்கலாம். அக்கா, மாமா செருப்ப எடுத்து வாசல்ல போடு. நடக்கலன்னா தூக்கிட்டுப் போறேன்."

நாலு பேருமாகப் போனோம். கடையின் மாடியில் ஹோம் தியேட்டருக்கென்றே ஓர் அறை இருந்தது. கனத்த திரை, மெத்தென்ற சோபா, சுற்றிலும் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள்.

"மூலையில இருக்கறது என்னங்க, ஸ்டூலா?" என்று கேட்டாள் மனைவி.

"ஊஃபர்னு ஒரு ஸ்பீக்கர்மா. அதிர்ச்சி குடுக்கறதுக்கு," என்றார் விற்பனைக்காரர்.

"அதுக்கு வீட்லயே ஆள் இருக்காரு."

படத்தைப் போட்டார். அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. ஒரு செங்கல் சுவர் வந்தது. எந்த வரிசையில் கலவை உதிர்ந்திருக்கிறது, எங்கே அடித்தால் மொத்தமும் சரியும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். பிறகு ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேல் வந்து மறைந்தது. மனைவியும் மகளும் சட்டென்று பின்னால் திரும்பினார்கள். நானும் திரும்பிவைத்தேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

விற்பனைக்காரர் விடவில்லை. "இப்ப எல்லாரும் கண்ண மூடிக்கங்க. ஒரு பொண்ணு குரல் ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் மாறி மாறி வரும். எங்கேருந்து வருதோ அங்க கைய நீட்டுங்க. விளையாட்டு மாதிரி," என்று விளக்கையும் அணைத்தார். திரையும் இருண்டது. கண்ணைத் திறந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை.

மூடிக்கொண்டேன். இடது பக்கம் முன்னால் கொசு மாதிரி ஏதோ முனகியது. அங்கே கையை நீட்டினேன். அடுத்த குரலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மெதுவாகத்தான் வரும் போலிருக்கிறது என்று நீட்டிய கையோடு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

தோளில் ஒரு கை விழுந்தது. கண்ணைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவியும் மகளும் எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விற்பனைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். சோபாவுக்குப் பின்னால் மச்சினன். அவன் வாயில் விசில்.

அதை எடுத்துவிட்டுச் சொன்னான். "நாலு தடவ ஊதினேன் மாமா."

மாடிப்படியில் இறங்கும்போது என் முன்னால் வந்து நின்றான்.

"எத்தன நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"அன்னிக்கு மேல்தளம் சரிஞ்சப்ப நீங்க ஆடி அசைஞ்சு நகந்தீங்க. திமிருன்னு நெனச்சு எல்லார் முன்னாடியும் திட்டினேன்."

"திட்டினதும் சரியாக் கேக்கல. விடு."

அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்கி, பிறகு நினைவு வந்தவனாக நிமிர்ந்து, உதடு தெரியும்படி சொன்னான். "நாளைலேர்ந்து மிஷின் வேணாம் மாமா. உங்க உசுரு மட்டும் இல்ல, கூட நிக்கறவன் உசுரும் இருக்கு. வெளிய கம்பி பொறுக்கற வேல போட்டுத் தரேன்."

கம்பி பொறுக்குவது வேலைக்குப் புதிதாக வருகிறவன் செய்வது. சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். "அந்த டிவிய எவ்வளவு திட்டியிருப்பேன்," என்றாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

பின்னாலேயே விற்பனைக்காரர் இறங்கி வந்தார். எப்போது வாங்குவதாக உத்தேசம் என்று கேட்டார் போலிருக்கிறது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"படத்துக்குக் கீழ பேசறதெல்லாம் எழுத்தா வருமே, அது தெளிவாத் தெரியுமா?"

"பளிச்சுன்னு தெரியும்மா."

"அப்ப இப்பவே அனுப்பிடுங்க. டிவி மட்டும் போதும். சுத்தி வைக்கற பொட்டியெல்லாம் வேணாம்."

சுவரில் துளை போட்டு நானேதான் மாட்டினேன். மகள் எழுத்தை வரவைத்தாள். நான் எழுத்துக் கூட்டக் கற்றதே முப்பத்தெட்டு வயதில். ஒரு வரியை முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து அதை விழுங்கிவிடுகிறது. யார் நல்லவன், யார் திருடன் என்று எனக்குப் பிடிபடுவதற்குள் இரண்டு பேரும் செத்துப்போகிறார்கள். "நிறுத்தி நிறுத்திப் போடறேன்பா," என்றாள் மகள். வேண்டாம் என்றேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அவர்களுக்கு என்ன படம் அது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கம்பி கீறிய கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மனைவியும் மகளும் அசையாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு கூட்டமே வாயைத் திறந்து கத்துகிறது. கூடத்தில் ஒரு சின்ன ஓசைகூட இல்லை. என் மனம் நோகக்கூடாது என்று சத்தத்தை அடக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்காக ஏன் நீங்களும் ஊமைப்படம் பாக்கறீங்க? சத்தத்த வைங்க. நீங்களாவது கேளுங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி எழுந்து வந்து, என் இடது பக்கமாக நின்று, முகத்தை முகத்துக்கு நேரே வைத்துச் சொன்னாள்.

"வச்சுத்தாங்க இருக்கு."