பிறேக் பிடித்த இடத்திலிருந்து

1

இந்தக் கதை ஒரு வெட்கத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் தெஹிவளையில் நான் ஏறிய கோச்சி, வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. கடலோரத் தண்டவாளத்தில் யாரோ அடிபட்டுவிட்டார் என்றார்கள். நாற்பது நிமிடம். அத்தனை நேரமும் நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து சாரதியை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் எஞ்சினுக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பாரே என்பது வீட்டுக்கு வந்து பிளேன்ரீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அவர் யாரென்று எனக்கு இன்றும் தெரியாது. கீழே வருகிறவர்கள் எல்லோரும் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "செபஸ்தியன் பிறேக்கைப் பிடித்தபோது கடல் அமைதியாக—"

வேண்டாம். அந்த நேரத்தில் கடலை யார் பார்த்தார்கள்?

இரண்டாவது: கொட்டாஞ்சேனையில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் டில்ஷானிக்கு விஞ்ஞான வீட்டுவேலை ஒன்று இருந்தது. வீட்டில் ஒருவரிடம் ஒரு தூரமும் ஒரு கதியும் கேட்டு, நேரத்தைக் கணிக்க வேண்டும்.*

(* இந்தியாவில் வாசிப்பவர்களுக்கு: எங்கள் புத்தகத்தில் கதி என்பது உங்கள் வேகம். எங்கள் வேகம் உங்கள் திசைவேகம். அதற்குத் திசையும் சொல்ல வேண்டும். உங்கள் முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். கதி குறைந்துகொண்டு போனால் அமர்முடுகல். கதை இந்தக் கடைசிச் சொல்லைப் பற்றியது.)

வீட்டில் இருந்தவர் அப்பா செபஸ்தியன். இருபத்திரண்டு வருடம் கோச்சி ஓட்டியவர், மூன்று வாரமாக லீவில் இருக்கிறார். போனில் கதைத்தபடி தண்டவாளத்தில் நடந்த ஒரு மனிதர் அவருடைய கோச்சியில் அடிபட்டு இறந்துபோனார். விசாரணையில் செபஸ்தியன்மேல் பிழை இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

"அப்பா, ஒரு தூரமும் ஒரு கதியும் சொல்லுங்கோ."

அவர் யோசிக்கவே இல்லை. "நூறு மீற்றர். மணிக்கு அம்பத்தி நாலு கிலோமீற்றர்."

அவள் பேனையால் எழுதினாள். செக்கனுக்குப் பதினைந்து மீற்றர். நூறைப் பதினைந்தால் பிரித்தாள்.

"ஆறரைச் செக்கனுக்கு மேல இருந்திருக்கு அப்பா."

சொன்ன பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அது எந்த நூறு மீற்றர் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அவ்வளவு நேரமா?" என்றார் செபஸ்தியன்.

அன்று பின்னேரம் அவர் ஒரு கடிதம் எழுதினார். இனி எஞ்சினில் ஏற முடியாது, யார்டில் ஏதாவது வேலை தாருங்கள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அவருடைய மனைவி பிறிஜெற் அதை வாசித்துவிட்டு, "கோச்சி ஓடாட்டி இந்த மனுசன் என்ன செய்யப்போறார்?" என்று மட்டும் மகளிடம் கேட்டாள்.

3

[இங்கே டில்ஷானியின் விஞ்ஞான ரீச்சர் மாக்ரெட்டை வீட்டுக்கு வரவழைத்து, அடுத்த பாடத்தை விளக்க வைத்தேன். நன்றாகத்தான் விளக்கினார். ஆனாலும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். டில்ஷானி செய்த பிழை இது, அவளே திருத்தட்டும்.]

அவளுடைய பிரித்தல் சரிதான். ஆனால் அது பிறேக்கே பிடிக்காத கோச்சியின் கணக்கு. ஆறரைச் செக்கன் என்றதும், அதற்குள் நிறுத்தியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய செபஸ்தியனுக்கே தோன்றியது. தன்மேல் குற்றம் தேடுகிற மனதுக்குத் தன் கை அறிந்ததுகூட மறந்துபோகும்.

அமர்முடுகல் பள்ளிக்கூடத்தில் அடுத்த தவணையில்தான் வரும். திங்கட்கிழமையோ நாளை மறுநாளே. டில்ஷானி புத்தகத்தில் பதினொரு பக்கம் முன்னே போனாள்.

4

ஞாயிறு பூசை முடிந்து வந்து, கணக்குப் போட்ட கொப்பியை அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா, முழுப் பிறேக் பிடிச்சா எத்தினை செக்கனில கோச்சி நிக்கும்?"

"இருபது. சனம் நிறைஞ்சிருந்தா இன்னும் கூட."

வேகம் பதினைந்து, வெள்ளவத்தையை நோக்கி, என்று எழுதினாள். இருபது செக்கனில் அது பூச்சியம். சராசரி ஏழரை. ஏழரையை இருபதால் பெருக்கினாள்.

"நூற்றைம்பது மீற்றர் வேணும் அப்பா. உங்களிட்ட நூறுதான் இருந்தது."

செபஸ்தியன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். "நான் முதல் ஹோர்ன் அடிச்சனான். ஒரு செக்கன். பிறகுதான் பிறேக், அந்த நூறு மீற்றரில. கண்ட உடனேயே பிறேக் பிடிச்சிருந்தா?"

"நூற்றிப் பதினைஞ்சு. நூற்றைம்பதுக்குக் காணாது."

"ரெண்டு செக்கன் முந்தி?"

"காணாது."

"மூண்டு?"

"அஞ்சு மீற்றர் குறையுது அப்பா."

"நாலு?"

டில்ஷானி மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாலு என்றால் நூற்று அறுபது. அது காணும்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாலு செக்கன் முந்தி அந்தாளை நீங்க காணவே இல்லையே அப்பா."

செபஸ்தியன் அழுதார். மூன்று வாரத்தில் அதுதான் முதல் தடவை. கடிதம் மேசையில் கிடந்தது.

5

ஒரு முடிவில் அவர் கடிதத்தைக் கிழிக்கிறார். இன்னொன்றில் கொடுக்கிறார், யார்டில் நிம்மதியாகவே இருக்கிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் நம்ப முடிந்தது.

மூன்றாவது ஒன்றும் எழுதினேன், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நூறை நூற்று அறுபது ஆக்கினேன். ஆக்குகிறவன் நான்தானே. கோச்சி பத்து மீற்றர் முன்னால் நின்றது. போனில் கதைத்தவர் திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கிப் போனார். ஒரு பக்கம் முழுக்கச் சந்தோஷமாக எழுதினேன். அப்புறம்தான் தெரிந்தது, மூன்று வாரமாகச் செபஸ்தியன் அந்த வீட்டில் இருந்து செய்துகொண்டிருந்த வேலையும் இதுதான் என்று.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இனிக் கதை உங்களிடம். திங்கட்கிழமை விடியப்போகிறது, கடிதம் மேசையில் இருக்கிறது, அவர் எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். நூறை மட்டும் தொட வேண்டாம். டில்ஷானி அதைப் பேனையால் எழுதியிருக்கிறாள்.