டப்பாவுக்குள் போகாத அட்டை

அடுத்த வாரம் அக்காவுக்கு ஸ்பானிஷ் தேர்வு. தேறினால் கடல் தாண்டி நர்ஸ் வேலை. சமையலறை மேஜையில் தங்கைதான் தினமும் சொல் அட்டைகளைக் காட்டிக் கேட்பாள். சரியாகச் சொன்ன அட்டை பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். தப்பானது கட்டுக்கே திரும்பும்.

“கெதார்சே?”

“தங்கிடறது. ‘மழை பெஞ்சுது, வீட்டுலயே தங்கிட்டேன்.’ அப்புறம், ஒரு பொருளை நம்மகிட்டயே வெச்சுக்கறதுக்கும் அதான். ‘இந்தக் குடையை நான் வெச்சுக்கறேன்.’”

“சரி” என்ற தங்கை, அட்டையை நைசாகக் கட்டின் அடியில் செருகினாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துவிட்டாள். “அடிக் கள்ளி! பத்து நாளா சரியாத்தான் சொல்றேன். இது மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு பார்த்தேன்.”

தங்கை அசடு வழிந்தாள். “நீ ‘வீட்டுலயே தங்கிட்டேன்’னு சொல்றதை தினம் ஒரு தடவையாவது கேக்கணும் போல இருந்துச்சுக்கா.”

அக்கா, ஓரம் நைந்த அந்த அட்டையை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“இதை நீயே வெச்சுக்கோ. அங்க போனாலும் தினம் போன்ல கேளு. சொல்றேன்.”