பிறை மேடு

தை அறுவடையில் குத்தகைத் தகராறு முற்றி, கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு களத்துமேட்டில் அல்லா பிச்சை சுடப்பட்டுச் செத்துப் பதினோரு நாளாகியிருந்தது. சுட்டது யாரென்று தெரியவில்லை என்றது போலீஸ். அந்தப் பக்கத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகள் ஆறு இருந்தன.

பன்னிரண்டாம் நாள் மிராசுதார் தியாகராசன் தன் ரைஃபிளோடு நாகப்பட்டினத்தில் மீரா உசேனின் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்தார். செத்தவனின் உடன்பிறந்த அண்ணன்தான் மீரா உசேன். தன் குத்தகைக்காரனுக்கு அண்ணன் உண்டா என்றெல்லாம் விசாரித்துவைக்கும் பழக்கம் மிராசுதாருக்கு இல்லை.

"போல்ட்டத் தூக்கினா உரசுதுய்யா. கேப்பப் பாரு," என்று சுட்ட தோட்டாக்கூடு மூன்றை மேசையில் உருட்டிவிட்டார். "வெள்ளிக்கிழமை எல்லாத் துப்பாக்கியையும் போலீஸ் சோதனைக்கு ஒப்படைக்கணுமாம். கறுப்பு சிவப்பு வந்தாலும் வந்துச்சு, தாசில்தார்கூட நம்மளக் கண்டா எழுந்திரிக்க மாட்டேங்கிறான். அதுக்குள்ள புதுசாட்டம் ஆக்கிடு."

மீரா உசேன் ஒரு கூட்டை வெளிச்சத்தில் பிடித்தார். போல்ட்டின் முகத்தில் ஊசி வெளிவரும் துளை தேய்ந்து அகன்றால், சுடும்போது தோட்டாவின் அடியில் ஊசி குத்தும் கேப்பின் தகடு அதற்குள் பிதுங்கி, ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி மேடு தட்டும். பழைய ரைஃபிள்களில் வருவதுதான். இதில் துளையின் ஒரு விளிம்பு உடைந்திருந்ததால் மேடு பிறையாக எழுந்திருந்தது. அதே பிறை, தம்பி மனைவி ஜொஹரா களத்துமேட்டு வைக்கோலில் பொறுக்கிவந்து அவரிடம் கொடுத்திருந்த கூட்டிலும் இருந்தது.

துளையில் எஃகுக் குழல் இறக்கி, அதற்கேற்ப ஊசியைக் கடைந்தால் தீர்ந்தது. ஒரு நாள் வேலை. பிறையும் போய்விடும்.

"வியாழக்கிழமை வாங்க," என்று பதிவேட்டை நகர்த்தினார். "சட்டம்ங்க. பழுது இன்னது, கூடு மூணு குடுத்தேன்னு ஒரு கையெழுத்து."

மிராசுதார் படிக்காமலே போட்டார்.

சேதி கேட்டு வந்த ஜொஹரா உட்காரவில்லை. "அந்தத் துளைய இன்னும் பெருசாக்குங்க மச்சான். அவன் மூஞ்சிலேயே வெடிக்கட்டும்."

அவர் கை ஏற்கெனவே ட்ரில்லை எடுத்திருந்தது. பிறகு கீழே வைத்தார்.

"வெடிச்சு செத்தான்னா மேளம் வச்சுத் தூக்கிட்டுப் போவாங்க புள்ள. அது அவனுக்கு மரியாதை."

மறுநாள் காலை ரைஃபிள், நான்கு கூடு, பதிவேடு எல்லாவற்றையும் ஜொஹராவோடு போய் மாஜிஸ்திரேட்டிடம் நேரே ஒப்படைத்து ரசீது வாங்கினார். ஸ்டேஷனில் மிராசுதார் வீட்டு நெல் சாப்பிடாதவர்கள் குறைவு.

வியாழனன்று மிராசுதார் வந்தார்.

"முடிஞ்சுதா?"

"நான் கையே வைக்கலீங்க. கோர்ட்டுல இருக்கு. செத்தவன் என் தம்பி."

மிராசுதார் மடியிலிருந்து பணப்பையை எடுத்து மேசையில் வைத்தார். "என்ன வேணும், சொல்லு."

"கோர்ட்டு வாசல்ல டவாலி உங்கள மொட்டப் பேராச் சொல்லி மூணு தரம் கூப்பிடுவான். அதக் கேக்கணும்ங்க."