நாலா, பதினொண்ணா

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஹுமைராவின் அத்தாவே இன்னும் நம்பவில்லை. அமெரிக்காக்காரன் ஆடுகிற ஃபுட்பால், அதுவும் காலால் உதைக்காமல் கையால் எறிகிற ஃபுட்பால். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எறிகிறவன் எப்படி எறிந்தான் என்று மார்க் போட வேண்டும். எறிகிறவனுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். எத்தனை நொடியில் பந்து கையை விட்டுப் போனது, கால் எங்கே ஊன்றியது, கண் எங்கே பார்த்தது, யாருக்காக எறிந்தான், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. "படிச்ச புள்ளைக்குக் குடுத்தாங்க பாரு வேல" என்று அத்தா சிரிப்பார். சிரிக்கட்டுமே! பக்கத்து சீட்டில் செந்தாமரை இருந்தவரைக்கும் ஹுமைராவுக்கு அந்த வேலை உயிராக இருந்தது.

ஒவ்வொரு எறிக்கும் இரண்டு பேர் மார்க் போட வேண்டும். ஒருத்தி போட்டது இன்னொருத்திக்குத் தெரியாது. இருவரும் முடித்த பிறகுதான் இரண்டும் திரையில் வரும். ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பில் 'மிஸ்மேட்ச்' என்று விழும். ஹுமைரா பதினாறாம் நம்பர் சீட், செந்தாமரை பதினேழு. நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. சிவப்பு விழுந்தால் போதும், செந்தாமரை பேனா மூடியால் தட்டியில் டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டுவாள். "சரியாப் பாத்துப் போடுடி!"

சிவப்பு விழுந்ததெல்லாம் பெரும்பாலும் இரண்டு ஆட்களால்தான். வீடியோவில் பேர் வராது, பனியன் நம்பர்தான். ஒருத்தன் நாலு, இன்னொருத்தன் பதினொண்ணு. நாலுக்குக் கை. அம்மாடி, என்ன கை! இரண்டு தடியன்கள் இடுப்பைப் பிடித்து இழுக்கும்போதும், அறுபது கெஜம் தள்ளி ஓடுகிறவன் நெஞ்சில் பந்தைக் கொண்டுபோய் ஒட்டிவிடுவான். ஹுமைரா நாலு கட்சி. பதினொண்ணுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் கள்ளன். கண் ஒரு பக்கம் பார்க்கும், எதிராளிகள் அந்தப் பக்கம் பாய்வார்கள், பந்து மறுபக்கம் ஆளே இல்லாத இடத்துக்குப் போகும். அது இறங்கும்போது அங்கே ஒருத்தன் வந்து நிற்பான்.

"நடவுல நாத்து முடி வீசியிருக்கியாடி நீ?" என்பாள் செந்தாமரை. நாச்சியார்கோவில் பக்கத்துக்காரி, காலேஜ் லீவெல்லாம் அம்மாவோடு வயலில் கழித்தவள். "நடுற பொம்பளைங்க பின்னாலயே நகந்துக்கிட்டே நடுவாங்க. அந்த நாத்துக்கட்ட அவங்க இருக்குற எடத்துக்கு வீசக்கூடாது. முதுகுக்குப் பின்னால, வந்து நிக்கப்போற எடத்துக்கு வீசணும். அவங்க திரும்பவே வேணாம், கைய நீட்டுனா முடி இருக்கும். பதினொண்ணு அப்படித்தான் வீசுறான்."

அந்தப் பழக்கம் அவளை வேலையிலும் விடவில்லை. யாருக்காக எறிந்தான் என்பதற்குத் திரையில் ஒரு குறி வைக்க வேண்டும். ஓடுகிறவனுக்கு முன்னால் வைக்க வேண்டியதை, இவள் கை தன்னையறியாமல் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி வைத்துவிடும். மேனேஜர் ஃபாஜில் நூறு தடவை சொல்லியிருப்பார். திருந்தியபாடில்லை.

தை கடைசியில் ஒரு நாள், ஒரே மதியத்தில் பதினாலு சிவப்பு. தட்டி சத்தம் ஹுமைராவின் மண்டைக்குள் இறங்கியது. பதினைந்தாவது டொக் டொக்குக்கு எழுந்து நின்றாள். "சேத்துல முடி வீசுனவளுக்குப் பந்தப் பத்தி என்னடி தெரியும்?" என்று கத்திவிட்டாள். ஹால் முழுக்கக் கேட்டது. செந்தாமரை டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டாள், ஸ்கூட்டி சாவியை எடுத்தாள், மணி மூன்றுக்கே கிளம்பிவிட்டாள். அறுவடை நேரம். பாதி ரோட்டை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் நெல்மேல் வண்டி ஏறி வழுக்கியது. அவ்வளவுதான், அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. அந்த வாய்க்கு ஹுமைரா தன்னையே எத்தனை முறை அறைந்துகொண்டாளோ, அவளுக்கே கணக்கில்லை. ராவும் பகலும் ஒரே கேள்விதான்: அவ என்மேல கோவத்தோடவே போயிட்டாளா?

பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். முதல் எறிக்கு மார்க் போட்டு அனுப்பினாள். பக்கத்து நாற்காலி காலி, கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. இரண்டாவது மார்க் யார் போடப்போகிறார்கள் என்று நினைத்து முடிப்பதற்குள் திரையில் சிவப்பு விழுந்தது. பதினாறு: நாலுக்கு ஒன்பது. பதினேழு: நாலுக்கு ஏழு. பதினேழு வைத்த குறி, ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி இருந்தது.

"யா அல்லாஹ்" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

ஃபாஜில் ஓடிவந்தார், விஷயம் தெரிந்ததும் தலையைச் சொறிந்தார். "சொல்லியிருக்கணும்மா, மறந்துட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமாப் போட்ட மார்க்கெல்லாம் வச்சு மெஷினுக்குப் பழக்கியிருக்காங்க. இப்ப பதினேழு அந்த மெஷின்தான். அவ போட்ட தப்பையும் சேத்துக் கத்துக்கிச்சு."

"மெஷினாண்ணே? நிச்சயமா?"

"ஆமாங்கறேன். அதுக்குக் கமெண்ட் எழுதத் தெரியாது, யோசிக்கத் தெரியாது. ஒரு தடவ மார்க் போட்டா போட்டதுதான், நீ திரும்பத் தொறந்தாக்கூட அது மாத்தாது. பயப்படாம பாரு."

பயம் போயிற்று. அதன் இடத்தில் வந்தது அதைவிட மோசம். நாள் முழுக்கச் செந்தாமரையோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவள் நாலுக்குக் குறைப்பது அதே இரண்டு மார்க், பதினொண்ணைக் கொண்டாடுவது அதே கொண்டாட்டம். தட்டி மட்டும் பேசவில்லை. சில மதியங்களில், ஏசி ஓடுகிற அந்த ஹாலில், புதிதாக உழுத சேற்றின் வாசனை அடித்தது. "ஜன்னலத் தொறந்தாங்களா?" என்று பின்வரிசை பர்வினைக் கேட்டாள். "என்ன வாசன? எனக்கொண்ணும் வரலயே" என்றாள் அவள். ஹுமைரா அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை.

பங்குனியில் கடைசி வேலை வந்தது. சீசன் முழுக்கப் பார்த்தாயிற்று. இனி நாலின் ஒரு எறி, பதினொண்ணின் ஒரு எறி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எவன் பெரியவன் என்று ஒரே ஒரு கட்டத்தில் சொல்லி, வழக்கம்போல் குறியும் வைக்க வேண்டும். இரண்டு எறியிலும் ஒரே நிலைமை: கடைசி நிமிஷம், மழை, மூன்று பேர் மேலே விழ வருகிறார்கள். ஹுமைரா இருபது தடவை ஓட்டிப் பார்த்தாள். நாலுதான். சந்தேகமே இல்லை, அன்றைக்கு நாலுதான்.

ஆனாலும் கை போகவில்லை. இனி சண்டை போட வேறு எறி கிடையாது. மன்னிப்புக் கேட்பதென்றால் இந்த ஒரு கட்டம்தான் மிச்சம். கண்ணீர் கண்ணை மறைத்தது. 'பதினொண்ணு' என்று போட்டாள். "நீயே ஜெயிச்சுக்கோ தாமர. அன்னைக்குச் சொன்னது என் வாயி, நான் இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினாள்.

திரை ஒரு நிமிஷம் சும்மா கிடந்தது. பச்சை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வந்தது.

பதினாறு: பதினொண்ணு. பதினேழு: நாலு.

வந்ததிலிருந்து, ஒரு நாள்கூட, ஒரு எறிக்குக்கூட, நாலை மேலே வைக்காத மெஷின் அது. ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால் அதே குறி, ஒரு முழம் தள்ளி. சேற்று வாசனை மூக்கில் ஏறியது. கீழே கமெண்ட் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

'சரியாப் பாத்துப் போடுடி.'

பர்வின் பின்னால் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தாள், கீழே கடையில் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஹுமைரா மூடிய கட்டத்தைத் திரும்பத் திறந்தாள். இரக்கப்பட்டுப் போட்டதை அழித்தாள். தன் மனசுக்குப் பட்டதைப் போட்டாள்: நாலு. இப்போது இரண்டும் ஒன்று. பச்சைதான் வர வேண்டும்.

வந்தது, ஒரே ஒரு நொடி. பிறகு பதினேழின் கட்டம் தானாக வெறுமையாயிற்று.

பதினேழு: பதினொண்ணு.

மிஸ்மேட்ச்.

டொக் டொக்கென்று தட்டியில் இரண்டு தட்டு விழுந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை, அணைந்த கம்ப்யூட்டரும் காலி நாற்காலியும்தான். ஹுமைராவுக்குச் சிரிப்பு முட்டியது, கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. பேனா மூடியைக் கழற்றினாள். தட்டியில் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டினாள்.

"நீ சரியாப் பாத்துப் போடுடி!" என்றாள், ஹால் முழுக்கக் கேட்கும்படி.